அழித்த பிறகும் வந்த சேதி

"யா அல்லாஹ்!"

முதலாளி முகைதீன் பிச்சையின் அலறலில் இறால் ஏற்றுமதி அலுவலகமே ஆடிப்போனது!

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜெயமேரி அவர் அறைக்கு ஓடினாள். திரையில் பச்சை எழுத்துகள்... இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்!

'இன்னைக்கு சிங்கப்பூர் பிளேன் ஏறினே... செத்தே!'

ஜெயமேரி அதை இரண்டு முறை வாசித்தாள்.

1988-ல் முதலாளி ஊரெல்லாம் பெருமையடித்த கம்ப்யூட்டர் அது. பெட்டி ஒன்று, நான்கு அறைகளில் நான்கு திரைகள். ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும் ப்ரோகிராமை ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றியவள் ஜெயமேரி. 'அரட்டை அடிக்கவா சம்பளம்?' என்று முதலாளி குதித்ததால், நேற்று மாலை கட்டளை அடித்து அதை அழித்தவளும் அவளே!

அழித்த ப்ரோகிராமில் சேதி எப்படி வரும்?

போலீஸ் ஸ்டேஷன் எதிர்வரிசையில்தான். இன்ஸ்பெக்டர் சுப்பையன் உடனே வந்து நின்றார்.

"ஏம்மா, இதெல்லாம் ஏத்த, எறக்கத் தெரிஞ்சது நீ ஒருத்திதானாமே?"

"ஆமா சார்... ஆனா..."

"என்ன ஆனா?" மேனேஜர் அடைக்கலராஜ் பாய்ந்தார். பக்கத்திலிருக்கும் தருமபுரத்தில் வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். "அழிச்சேன்னு பொய் சொல்லியிருக்கா! வேலையை விட்டுத் தூக்குங்க முதலாளி. கையோட லாக்கப்புல போடுங்க சார்!"

ஜெயமேரிக்கு அழுகை முட்டியது. வேலையும் போய், பேரும் கெட்டு... வீட்டில் யார் முகத்தில் முழிப்பாள்?

அழுகையை விழுங்கிக்கொண்டு கட்டளையை அடித்துக் காட்டினாள். அப்படியொரு ப்ரோகிராமே இல்லை என்றது திரை.

"பாத்தீங்களா? புதுசா யாராலயும் திறக்க முடியாது. ஆனா நான் அழிக்கிறதுக்கு முன்னாடியே திறந்தவங்க மூடாம விட்டிருந்தா, ராத்திரியும் அணைக்காத பெட்டியில அது மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும் சார்! எனக்கே இப்பதான் உறைக்குது!"

"மூடாம விட்டது யாரு?"

"நாங்கல்லாம் முறையா மூடிட்டுத்தான் போவோம். மேனேஜர் சார் மட்டும்..."

அடைக்கலராஜின் முகம் வெளுத்தது!

"தூசி படாம இருந்தாப் போதும்னு, பூப்போட்ட துணியை மேல போத்திட்டுக் கிளம்பிடுவார்!"

இன்ஸ்பெக்டரின் கை மேனேஜரின் சட்டைக் காலரில்!

"மாதாவே! நான் இல்ல சார்!"

அப்போது... திரையில் புதிய வரி!

'பாஸ்போர்ட்டைக் கிழிச்சுப் போடுடா!'

மேனேஜர் இங்கே நிற்கிறார். அப்படியானால் அவர் அறையில் யார்?

நால்வரும் ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் கதவை உதைத்தார்.

பூப்போட்ட துணி தரையில் கிடந்தது. மேஜையில் முதலாளிக்கு வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கேரியர். கீபோர்டில் ஒற்றை விரலோடு... மெஹர் பானு! முதலாளியின் மனைவி!

"பானு... நீயா?"

"நானேதான் மச்சான்! அன்னைக்குச் சாப்பாடு கொண்டாந்தப்ப மேனேஜர்தான் பெருமையா அடிச்சுக் காட்டினாரு. துணியை எடுத்தேன், அப்படியே திறந்து கெடந்துச்சு." அவள் குரல் உடைந்தது. "மூணு ஹஜ்ஜுப் பெருநாள் நீங்க இல்லாமயே போச்சு. அழுதேன், கேக்கல. இந்தப் பெருநாளைக்கும் பொட்டியைக் கட்டுறீங்க... மிரட்டினாலாவது இருப்பீங்கன்னுதான்!"

 முகைதீன் பிச்சை சட்டைப் பையிலிருந்த பிளேன் டிக்கெட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "கேஸ் எழுதவா, பாய்?"

"ஐயையோ, வேணாம் சார்! ஜெயமேரி, மன்னிச்சுக்கம்மா. நேத்து அழிச்சியே, அந்த ப்ரோகிராமை உடனே திரும்ப ஏத்து. எங்க வீட்டுலயும் ஒரு திரையை மாட்டிடு!"

"வீட்டுலயா? எதுக்கு முதலாளி?"

"அதுலதாம்மா இவ திட்டினா சத்தமே வர மாட்டேங்குது!"