மூன்றாவது ஜாக்கெட்

காலை எட்டரை மணிக்கு லாஸ்யா பயிற்சியாளர் அறைக்குள் நுழைந்தபோது மேசைமேல் இரண்டு ஜாக்கெட்டுகள்தான் இருந்தன. நேற்று மாலை அவள் கையாலேயே மூன்றை மடித்து வைத்திருந்தாள்.

சலவைக்குப் போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் மேசையைச் சரியாகப் பார்த்தாள். பெயர்ப்பலகைகளும் இரண்டே. சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில், தலைமைப் பயிற்சியாளரின் பெயருக்குக் கீழே ஒட்டியிருந்த காந்த வில்லைகளும் இரண்டே. காணாமல் போன எல்லாவற்றிலும் இருந்தது ஒரே பெயர். ஆல்வின், கோல்கீப்பர் பயிற்சியாளர்.

ஆல்வினையும் காணோம். போன் சுவிட்ச் ஆஃப். விடுதியில் அவருடைய அறை காலியாகக் கிடந்தது.

சூலூர்ப் பக்கம் சொந்த மைதானம் வைத்திருக்கும் நொய்யல் எப்.சி. அணிக்குக் கிருபாசங்கர் தலைமைப் பயிற்சியாளராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உதவியாளர்களை நானே பொறுக்கிக்கொள்வேன் என்பது அவன் வைத்த ஒரே நிபந்தனை. உடற்பயிற்சிக்கு லாஸ்யா. துணைப் பயிற்சியாளராக ரவிதேஜா. கோல்கீப்பர்களுக்கு, சென்னை வியாசர்பாடியிலிருந்து முந்தாநாள்தான் வந்து இறங்கிய ஆல்வின். அன்று மாலை நான்கு மணிக்கு கிளப் முதலாளி மூவரையும் பத்திரிகைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்துவதாக ஏற்பாடு.

"நாற்காலி காலியா இருந்தா நல்லா இருக்காதுங்க," என்றார் மேலாளர் ஸ்ரீனிவாஸ். "நம்ம ஆளு ஒருத்தரு தயாரா இருக்காருங்க. ஒரு வார்த்தை சொன்னா ஓடி வந்துருவாரு."

"ஆல்வின் இல்லைன்னா நானும் இல்லைங்க," என்றான் கிருபாசங்கர்.

கொங்குநாட்டில் சண்டை போடுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவார்கள். அதனால் வெளியில் கேட்டவர்களுக்கு இருவரும் காபி சாப்பிடுவதைப் பற்றிப் பேசுவதாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் கிருபாவின் முகம் வெளுத்திருந்தது. சின்னச் சின்ன அணிகளோடு ஊர் ஊராக அலைந்தவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. அதையும் விட்டுவிட்டுப் போகத் துணிந்துவிட்டான். வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டான்.

அக்கா கீதா போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். அன்று அவளுக்கு விடுப்பு. பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து நின்றபோது மைதானத்தின் கேட் பூட்டியிருந்தது. உள்ளே புதுக் காவலாளி ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க!"

அவர் திரும்பினார். "எதுக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. மேனேஜர்தான் பூட்டி வைன்னாரு."

கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு எந்த ஊருங்க?"

"மதுராந்தகம்மா. போன வாரம்தான் வேலைக்கு வந்தேன்."

"தெரியுதுங்க. தொறங்க."

அறையை அவள் அவசரப்படாமல் பார்த்தாள். அலமாரிமேல் வீடியோ கேமரா அப்படியே இருந்தது. மடிக்கணினியை யாரும் தொடவில்லை. வெள்ளைப் பலகையில் மீதியிருந்த இரண்டு வில்லைகளும் நடுவில் இடைவெளியே தெரியாமல் நெருக்கமாக ஒட்டியிருந்தன. மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். மூன்றாவது வராந்தாவில், சுவரோரமாக ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது.

"இதையெல்லாம் காலையில யாராச்சும் நகத்தினீங்களா?"

யாரும் நகர்த்தவில்லை. கீதா ரவிதேஜாவிடம் திரும்பினாள்.

"மொதல்ல வந்தது யாருங்க?"

"நாந்தாங்க. ஆறு மணிக்கு கோன் அடுக்க வந்தேன். ரூம் பக்கம் வரலைங்க. இதை எப்பவும் பூட்டறதும் இல்லைங்க."

"ஆல்வினைப் பிடிக்குமுங்களா?"

அவன் கொஞ்சம் இழுத்தான். "அந்த வேலைய என்ற சிநேகிதன் ஒருத்தனுக்குக் கேட்டிருந்தேனுங்க. கிருபா அண்ணன் முடியாதுன்னுட்டாரு. அதுக்காக ஜாக்கெட்டத் திருடுவேனுங்களா?"

அடுத்து ஸ்ரீனிவாஸ்.

"ஆல்வின்கிட்ட கடைசியா எப்பப் பேசினீங்க?"

"நேத்து மத்தியானமுங்க."

"என்ன பேசினீங்க?"

ஸ்ரீனிவாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி. "ஒரு ஃபைனல்ல கைக்கு வந்த பந்தை விட்டவருங்க அவரு. ஊரே பார்த்துச்சு. அதுக்கப்புறம் எந்த டீமும் அவரை நிலையா வச்சுக்கலை. உங்களை எதுக்குத்தான் எடுத்தாங்களோன்னு வாய் தவறிக் கேட்டுப்போட்டேனுங்க."

லாஸ்யா அவரை முறைத்தாள். அவர் கண்ணாடியை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

"நானும் அதையேதான் கேக்கறேன் கண்ணு," என்றாள் கீதா தம்பியிடம். "எதுக்கு அவரை எடுத்தே?"

கிருபா காதுக்கு மேலே தலையைத் தடவிக்கொண்டான். "அதை மொதல்ல அவருகிட்டத்தான் சொல்லோணுங்க்கா. இன்னைக்கு சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்."

"அவருகிட்ட நீ கடைசியா எப்பப் பேசினே?"

"ஒரு ஸ்ட்ரைக்கரைப் பாக்க நேத்து வால்பாறை போயிட்டு பஸ்ல வந்துட்டிருந்தேனுங்க. நாளைக்கு வரட்டுமான்னு மெசேஜ் போட்டிருந்தாரு. நானும் கூப்பிட்டேன். பதிலே இல்லை. அதுக்குள்ள மலைப்பாதையில சிக்னலும் போயிருச்சு. வேலையா இருப்பாருன்னு விட்டுப்போட்டேன்."

"போனைக் குடு."

அவள் முதலில் அதில் கால் பட்டியலைப் பார்த்தாள். பிறகு மெசேஜ்களைப் பார்த்தாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கோபமாகத் தம்பியைப் பார்க்க நினைத்து, முடியாமல் பெருமூச்சு விட்டாள்.

"ஜாக்கெட்டை எடுத்தது ஆல்வின்தான். எடுக்க வச்சது நீ."

ரவிதேஜாவும் ஸ்ரீனிவாஸும் கிருபாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"திருடன்னா கேமராவை எடுத்திருப்பான்," என்றாள் கீதா. "பகையாளின்னா, ஓட்டை நல்லாத் தெரியட்டும்னு விட்டுட்டுப் போயிருப்பான். இவரு என்ன செஞ்சிருக்காரு பாருங்க. வில்லையை நெருக்கி ஒட்டியிருக்காரு. நாற்காலியைத் தூக்கி வெளிய போட்டிருக்காரு. நாலு மணிக்கு வர்றவங்களுக்கு இங்க ஒருத்தரு குறையறாருன்னே தெரியக்கூடாது. கிருபா, நீ யாரு முன்னாலயும் தலைகுனியக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்காரு. இவ்வளவு அக்கறையா இருக்கறவரு சொல்லாமப் போவாரா? நீ வேண்டாம்னுட்டேன்னு நெனைச்சுத்தான் போயிருக்காரு."

"நானாங்க்கா? நான் எப்பச் சொன்னேன்?"

"கூப்பிட்டேன்னு சொன்னியே. நேத்து அவரு நம்பருக்கு ஒரு கால்கூடப் போகலையே?"

"கால் பண்ணலீங்க்கா. மெசேஜ்லதான் கூப்பிட்டேன்."

"என்னன்னு?"

"ஏனுங்கன்னு. சொல்லுங்கன்னு அவரு பதில் போட்டா மேல சொல்லலாம்னு…"

கீதா போனைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். 'சார், நாளைக்கு நான் வரட்டுமா?' என்று ஆல்வின் கேட்டிருந்தார். அதற்குக் கீழே கிருபாவின் ஒரே சொல். 'ஏனுங்க'. அவர் படித்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் குறிகள்.

"நம்ம ஊர்ல இது கூப்பிடறது. வாயில சொன்னா ராகத்துலயே புரிஞ்சுபோகும். எழுத்துல வியாசர்பாடிக்காரரு இதை எப்படிப் படிப்பாரு? கேட்ல இருக்கறவரை நான் வாய்விட்டே ஏனுங்கன்னு கூப்பிட்டேன். எதுக்குன்னு தெரியாதும்மாங்கறாரு மதுராந்தகத்துக்காரரு!"

வரட்டுமா என்று கேட்டவருக்கு, ஏன் என்று பதில். மத்தியானம் ஸ்ரீனிவாஸ் கேட்ட அதே கேள்வி, சாயங்காலம் கிருபாவிடமிருந்தும். ஸ்ரீனிவாஸ் கண்ணாடியைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார். கிருபா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அழுவறதுன்னா வண்டியில உக்காந்து அழு," என்றாள் அக்கா. "சென்னை ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு."

கோவை ஜங்ஷனில் ஆல்வினைக் கண்டுபிடிக்கப் போலீஸ் மூளை தேவைப்படவில்லை. அவ்வளவு உயரமான ஆள் அந்தப் பிளாட்பாரத்தில் வேறு யாரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் ஜாக்கெட்டை விரித்து, சின்னக் கத்தரிக்கோலால் எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுப் பக்கம் தையல் போட்டிருந்த பெயரில் 'ஆ' போய்விட்டது. 'ல்வின்' மட்டும் மிச்சம்.

கிருபாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சாரி சார். பேரைப் பிரிச்சிட்டு கூரியர்ல அனுப்பிடலாம்னு இருந்தேன். துணி புதுசா இருக்குது. வேற யாருக்காச்சும் ஆவும்."

கீதாதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சொல், இரண்டு ஊர், இரண்டு அர்த்தம். ஆல்வின் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, வேணாம்னு சொல்லலியா சார்?"

"இல்லைங்க."

"கூப்ட்டீங்களா?"

"கூப்பிட்டேனுங்க."

ஆல்வின் தலையாட்டினார். ஆனால் பெஞ்சிலிருந்த பையை எடுக்கவில்லை. "இருந்தாலும் அது சரியான கேள்விதான் சார். மேனேஜர் கேட்டதும் தப்பில்ல. அந்தப் பந்த விட்டவன் நான். ஏன் என்னைக் கூட்டாந்தீங்க?"

கிருபா கிட்டே போய்த் தலையைக் குனிந்து, காதுக்கு மேலே முடியை ஒதுக்கிக் காட்டினான்.

"இங்க பாருங்க. ஒரு தழும்புகூட இல்லைங்க. அந்த ஃபைனல்ல எதிர் டீம்ல ஆடி, உங்க கோலுக்கு முன்னால குப்புற விழுந்து கெடந்தது நானுங்க. பந்து என்ற தலைக்குப் பக்கத்துல. நீங்க பாஞ்சு வந்தீங்க. உங்க முட்டி நேரா இங்கதான் இறங்கியிருக்கோணும். கடைசி நேரத்துல உடம்பை அந்தப் பக்கம் திருப்பிட்டீங்க. பந்து போயிருச்சு. ஊரெல்லாம் பந்தைப் பார்த்துச்சு. நான் உங்க முட்டியைப் பார்த்தேனுங்க. அன்னைக்கே சொல்லோணும்னு தேடினேன். உங்க டீம் பஸ் கெளம்பிருச்சு."

ஆல்வின் அந்தத் தலையையே பார்த்தார். தன்னை அறியாமல் பெரிய கையை நீட்டி, அந்த இடத்தை ஒருமுறை தொட்டார்.

"யாரும் பாக்கலன்னு நெனச்சிட்டிருந்தேன் சார்," என்றார். "சொன்னா சாக்குன்னுதான் சொல்லுவாங்கன்னு, என் வீட்டுக்காரிகிட்டகூட சொல்லல."

கீதா வேறு பக்கம் திரும்பி, வராத ரயிலைப் பார்ப்பதுபோல் நின்றாள். விசாரணைகளில் கண்கலங்கி அவளுக்குப் பழக்கம் இல்லை.

கிருபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். "ஏனுங்க," என்றான்.

ஆல்வினுக்கு இந்த முறை புரிந்தது.

"சொல்லுங்க சார்."

"வரட்டுமான்னு கேட்டிருந்தீங்களே. வாங்க."

ஆல்வின் கத்தரிக்கோலைப் பையில் போட்டார். ஓர் எழுத்து இல்லாத ஜாக்கெட்டை அந்த உச்சிவெயிலில், பிளாட்பாரத்திலேயே எடுத்து மாட்டிக்கொண்டார். ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதற்குள் வேர்த்துக் கொட்டியது. கழற்றுங்கள் என்று கீதா இரண்டு முறை சொல்லியும் அவர் கழற்றவில்லை.