அடைகாப்பு

கன்டெய்னரின் உள்சுவர் வியர்த்திருந்தது. வெளியே கப்பலின் மேல்தளத்தில் காலை வெயில் இரும்பைக் காய்ச்சிக்கொண்டிருக்க, இந்தச் சுவர் மட்டும் எப்படி இவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது என்று தேகூரா விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

"நோரோவா அண்ணே, சுவர்ல தண்ணி கசியுது."

"ஏசி அழுவுது. ஐடுடாக்கித் தீவுப் பொண்ணு பக்கத்துல உக்காந்தா இரும்புகூட அழும்," என்றான் நோரோவா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜன்னலில்லாத அந்தப் பெட்டிக்குள் அவர்கள் இருவர்தான். ஐந்து கிலோமீட்டர் கீழே, கடலின் அடித்தரையில் நகரும் கேமரா வண்டியை அவன் இங்கிருந்து ஓட்டினான். அதன் பின்னால், தரையில் கிடக்கும் உலோகக் கட்டிகளை அள்ளியபடி பெரிய இயந்திரம் வந்துகொண்டிருந்தது. அது போகும் தடத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல அரசாங்கம் அனுப்பிய ஆள் தேகூரா. அவள் "வழி காலி" என்றால் இயந்திரம் முன்னேறும். முட்டையோடு ஏதாவது இருந்தால் விலகிச் சுற்ற வேண்டும்.

அன்று ஞாயிறு. பத்து மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆராதனை. வேதம் வாசிப்பது அவள் முறை. தென்னங்குருத்தில் பின்னிய வெள்ளைத் தொப்பி மடியில் தயாராக இருந்தது.

ஒன்பது நாற்பத்தைந்துக்குத் திரையில் அது வந்தது. உருளைக்கிழங்குகளைக் கொட்டிவைத்தாற்போல் கரிய கட்டிகள் பரவிய சேறு. ஒரு கட்டியின் மேல் முளைத்துப் பட்டுப்போன கடற்பஞ்சின் தண்டு. அதைத் தழுவிக்கொண்டு, நிறமே இல்லாத ஒரு சின்னப் பேய்க்கணவாய். எட்டுக் கைகளுக்கும் அடியில் திராட்சை போன்ற முட்டைகள். அந்தக் குளிரில் அவை பொரிய ஆண்டுகள் ஆகும். அதுவரை தாய் உண்ணாது, இடம்விட்டு நகராது.

"அம்மாடி, அடைகாக்குது," என்றான் நோரோவா. குரலில் கேலி இல்லை. "சுத்திப் போனா இருபது நிமிசம் ஆவும். என்ன சொல்ற?"

மேலே ஆராதனைக்கு முந்திய பாட்டு தொடங்கிவிட்டது. ஆண்களின் அடிக்குரல் இரும்பு வழியாக இறங்கி வந்தது. வாசிக்க வேண்டியவள் இல்லாமல் எல்லோரும் காத்திருப்பார்கள்.

"செத்துக் கிடக்குது போலண்ணே. அசையவே இல்லையே."

"அதை எங்கிட்டயா சொல்ற? ரேடியோவுல சொல்லு, பார்ப்போம்."

அவள் ரேடியோவை எடுத்தாள்.

"வழி காலி."

திரையில் அந்த வெளுத்த கண் மெல்லத் திரும்பி, கேமராவைப் பார்த்தது. ஒரு கை முட்டைகளின் மேல் இன்னும் சற்று இறங்கியது. அவ்வளவுதான். பக்கத்தில் ஒதுங்கிய வண்டியைக் கடந்து இயந்திரம் போயிற்று. சேறு கிளம்பித் திரை முழுவதும் பழுப்பாயிற்று.

தேகூரா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கதவின் பிடியைத் திருப்பினாள். அது அசையவில்லை.

"தள்ளு, நான் பாக்குறேன்." நோரோவா வந்து தோளால் மோதினான். பிறகு காலால் உதைத்தான். மலையில் உதைத்த சத்தம் கேட்டது.

"ரேடியோவுல கூப்பிடுங்கண்ணே."

கூப்பிட்டான். பதில் இல்லை. பாட்டு மட்டும் கேட்டது, ஆனால் வெகு உயரத்தில், தண்ணீருக்கு மேலே யாரோ பாடுவது போல. ஒவ்வொரு அடிக்கும் அது இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. தேகூராவின் காதுகள் அடைத்தன. வெயிலையே பார்த்திராத சேற்றின் வாடை அறைக்குள் ஏறியது. மூச்சு புகையாக வந்தது.

பாட்டு நின்றது.

திரையில் சேறு மெல்லப் படியத் தொடங்கியது. கட்டிகள் தெரிந்தன. அவற்றின் நடுவே, ஒரு பக்கம் சாய்ந்தபடி, ஓர் இரும்புப் பெட்டி. நீல நிறம். பக்கவாட்டில் எண்.

அவர்களுடைய கன்டெய்னரின் எண்.

"வண்டியைத் திருப்புங்கண்ணே."

"நான் ஓட்டலம்மா." நோரோவா இரு கைகளையும் உயர்த்திக் காட்டினான்.

பெட்டி திரையில் பெரிதாகிக்கொண்டே வந்தது. வெளியே வண்டியின் முனகல். கதவுக்கடியில் ஒரு கீற்று வெளிச்சம்.

தேகூரா முழங்காலிட்டாள். வாசிக்க இருந்த வசனத்தை வாய் தேடியது. கிடைக்கவில்லை. அந்த இருபது நிமிடம் மட்டுமே நினைவில் நின்றது. எவ்வளவு சின்ன இரக்கம். அதையும் அவள் தரவில்லை.

தலைக்கு மேல் ஏதோ உட்கார்ந்தது. மெதுவாக. கனமாக.

திரையில் கைகள் இறங்கின. தென்னை மரத்தின் பருமனில், வெளுத்து, அவசரமே இல்லாமல். கூரையின் நான்கு பக்கமும் வழிந்தன. ஒட்டுறுப்புகள் ஒவ்வொன்றாக இரும்பில் பதியும் சத்தம் கேட்டது. சுவரில். கதவில். தரைக்கு அடியில். அது நசுக்கவில்லை. கீறல்கூட விழாதபடி, அத்தனை கவனமாக, பெட்டியைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.

கதவுக்கடியில் இருந்த வெளிச்சம் மறைந்தது.

திரையில் அந்தக் கண், பெட்டியை ஒருமுறை முழுதாகப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டு, காத்திருக்கத் தொடங்கியது.