மூக்கு ரேகை

மிளகு செத்துப் போயிருந்தான்!

நாய் சலூன்காரர் ட்ரையர் கூண்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. குளிப்பாட்டிய ஈரம் காய ஐந்து நிமிடம் போதும். அதற்குள் மச்சானின் போன்... கிரிக்கெட் பேச்சு... நாற்பது நிமிடம்!

"டேய் மிளகு... எந்திரிடா. விளையாடாதடா..."

எழவில்லை.

புதைக்க மனசு வரவில்லை. போர்வையில் சுற்றி, பின்னறை ஃப்ரீசரில் வைத்தார். மறுநாள் நாய்க் காப்பகங்களில் நாயாய் அலைந்தார். அதே கறுப்பு, அதே மடிந்த காது, அதே வளைந்த வால் நுனி... கிடைத்துவிட்டது! நெற்றியில் வெள்ளைப் பொட்டு மட்டும் இல்லை.

ப்ளீச் இருந்தது. பொட்டு வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, மிளகின் எஜமானி வந்தாள். ஒரு மாத ட்ரெய்னிங் முடிந்து அன்றுதான் ஊர் திரும்பியிருந்தாள். கூடவே, அவள் வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று நாயைக் கொண்டுவந்து விட்ட புருஷன்.

"என்னண்ணே, இப்படி வேர்க்குது?"

"ஏ.சி. ரிப்பேர் மேடம்..."

ஏ.சி. ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மிளகு!" என்று கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்பதுபோல நாய் சுவரைப் பார்த்தது.

"ஒரு மாசமாச்சுல்ல... மறந்திருக்கும்மா," என்றார் புருஷன், அவசரமாக.

அவள் கைப்பையைத் திறந்தாள். மை ரோலர். வெள்ளைக் கார்டு. லென்ஸ்.

"எ... எதுக்கு மேடம் இதெல்லாம்?"

"போலீஸ் கைரேகைப் பிரிவுல பதினோரு வருஷமா குப்பை கொட்டறேன்ணே. நமக்கு விரல் மாதிரி நாய்க்கு மூக்கு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. மிளகோட ரேகையை அப்பவே எடுத்து வெச்சிருக்கேன்."

ஈர மூக்கைத் துடைத்தாள். மை. கார்டு. லென்ஸ்.

"இது என் நாய் இல்ல!"

சலூன்காரர் தரையில் சரிந்தார்.

"நான்தான் மேடம் கொன்னேன்! ட்ரையரைப் போட்டுட்டு போன்ல அரட்டை அடிச்சேன். மூணு நாளா சோறு இறங்கல... என்னை உள்ள தள்ளுங்க!"

"எங்க இருக்கான்?"

ஃப்ரீசரைக் காட்டினார். போர்வையை விலக்கினாள். உறைபனியைத் துடைத்து, அந்த மூக்கிலும் ரேகை எடுத்தாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"எந்திரிங்கண்ணே. நீங்க பண்ணினது பாவம்தான். ஆனா... இதுவும் என் மிளகு இல்ல!"

மெல்லத் திரும்பினாள்.

புருஷனின் கை கதவுக் கைப்பிடியில் இருந்தது.

"ஏங்க...?"

"நீ கிளம்பின ரெண்டாவது நாள்மா... கேட்டைப் பூட்ட மறந்துட்டேன். வெளிய ஓடிட்டான். லாரி... உன்கிட்ட சொல்ல தைரியம் வரல. இதே மாதிரி ஒண்ணைத் தேடிப் பிடிச்சேன்."

"சலூன்ல ஏன் விட்டீங்க?"

"ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா... குளிப்பாட்டினதுலன்னு நினைச்சுப்பியேன்னு..."

சலூன்காரரின் நெஞ்சில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. உடனே கூசிப் போனார். ஃப்ரீசருக்குள் கிடப்பதும் ஓர் உயிர்தானே!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாயை வாரி எடுத்தாள்.

"இவன் என்கூட வர்றான். அண்ணே, இவர் ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும். திரும்பக் கூட்டிட்டுப் போறப்ப ஆள் மாத்திக் குடுத்தாலும் பரவாயில்ல..."

வாசலில் நின்று திரும்பினாள்.

"சத்தியமா நான் ரேகை எடுத்துப் பார்க்க மாட்டேன்!"