கொளத்தூர் வீட்டின் தரம்

காலையில் 'ஆ' தரத்தில் இருந்த வீடு மாலைக்குள் 'ஈ' தரத்துக்கு இறங்கிவிட்டது. சிதம்பரநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது. கொளத்தூரில் அந்த மாடி வீட்டை முதலீட்டாளர்களுக்குப் பங்கு பங்காக விற்றவர் அவர். இப்போது மாடியில் குடியிருந்துகொண்டு நிர்வாகம் மட்டும் பார்க்கிறார். விற்ற பிறகும் வீட்டுக்காரர் என்ற திமிர் போகவில்லை.

வாடகை வீடுகளுக்குத் தரம் போடுவது தரங்காணியின் வேலை. சுவரில் பதித்த அந்தக் கருவி ஈரத்தை முகரும், விரிசலை அளக்கும், பேச்சைக் கேட்கும். குடியிருப்பவர் எத்தனை காலம் தங்குவார் என்று கணிக்கும். கதவுப் பூட்டுகளும் அதன் பொறுப்பில்தான். அதைப் பார்த்து, முகம் தெரியாத யாரோ எங்கோ உட்கார்ந்து பங்கு வாங்குவார்கள். குடும்பம் நடத்துகிற இடத்துக்குச் சந்தைக் கத்திரிக்காய் மாதிரி தரம்! வெட்கங்கெட்ட காலம்.

தடதடவென்று இறங்கிவந்து கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். வாடகைக்கு இருக்கும் ரெஜினா கைக்குழந்தையோடு வந்தாள்.

"உன் பிள்ளை கத்துற கத்துல வீட்டோட தரமே போச்சு. காலி பண்ணு."

"பச்சப்புள்ள அழத்தான் சார் செய்யும். காலையில மோட்டாரை நிறுத்திட்டீங்க, குளிப்பாட்டத் தண்ணி இல்ல."

"நீ மீன் கழுவ நான் மோட்டார் போடணுமா? உங்கம்மா வேற டேரா போட்டிருந்தாங்க. விருந்தாளி ராத்தங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"புள்ள பெத்தவளுக்குத் துணைக்கு வந்தவங்க சார். அவங்களையும் தொரத்திட்டீங்க. இதத் தூக்கிட்டு நான் எங்க போவேன்? மனசுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?" அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

அவர் காதில் வாங்கவில்லை. சுவரைப் பார்த்துக் கத்தினார். "தரம் இறங்கக் காரணமான ஆளை உடனே வெளியேத்து!"

"அது யாரென்று சொல்லட்டுமா?" என்று கேட்டது தரங்காணி.

"எனக்குத் தெரியாதா? சொன்னதைச் செய்!"

மாடியில் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

"மாடிக் குடியிருப்பாளர் வெளியேற்றப்பட்டார்," என்றது தரங்காணி. "இதுவரை கீழ்வீட்டைக் காலி செய்த அத்தனை குடும்பமும் இவர் தொல்லை தாங்காமல் போனவை. மோட்டார் நின்றதும் இந்தக் குடும்பமும் வேறு வீடு தேடத் தொடங்கியது. அதனால் தரம் இறங்கியது. இப்போது வீடு 'அ' தரம்."

சிதம்பரநாதன் மாடிக்கு ஓடினார். பூட்டு அவர் கைரேகையை ஏற்கவில்லை. வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் உங்க ஹால்ல படுத்துக்கறேம்மா..."

ரெஜினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விருந்தாளி ராத்தங்கக் கூடாது சார்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.