நெய்தல் குடியிருப்பின் கடைசி மருந்து

காலை உணவுக்கு முன் நாக்கை நீட்டுவது நெய்தல் குடியிருப்பில் பல் துலக்குவதைப் போன்ற ஒரு வேலை. உணவுக்கூடத்தின் வாசலில் இருந்த நாமானி என்ற சோதனைக் கருவி, நீட்டிய நாக்கை ஒருமுறை வருடி, வலிக்காமல் ஒரு துளி இரத்தமும் எடுத்துக்கொள்ளும். நோய்க்கிருமி இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். யூரோப்பா நிலவின் பனிக்கட்டிக்கு அடியில், ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசிக்கும் நாலாயிரம் பேருக்கு வேறு வேலி கிடையாது.

அன்று ஏழு வயது அல்லி நாக்கை நீட்டியபோது விளக்கு சிவந்தது. வரிசையில் நின்றவர்கள் சத்தமில்லாமல் பத்தடி பின்னால் போனார்கள். அவளுடைய அப்பா சேந்தன் மட்டும் நகரவில்லை.

"உடம்பு சுடுதுப்பான்னு நேத்தே சொன்னா. நான்தான் காதுல வாங்கல," என்றான் மருத்துவர் நப்பின்னையிடம்.

சேந்தனுக்கு மீன்தொட்டிகளில் வேலை. நான்கு நாட்களுக்கு முன் அங்கே விளையாடப் போன அல்லியின் கட்டைவிரலில் மீன்முள் குத்தியிருந்தது. இப்போது விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, அதிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மணிக்கட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

வழக்கமாகக் கொடுக்கும் மூன்று மருந்துகளையும் நப்பின்னை கொடுத்துப் பார்த்தார். கோடு நிற்கவில்லை. மிச்சம் இருந்தது 'இறுதிக்காப்பு'. அறுபது ஆண்டுகளில் இரண்டே முறை எடுக்கப்பட்ட மருந்து அது. அடிக்கடி பயன்படுத்தினால் அதைச் சமாளிக்கும் கிருமிகள் பெருகிவிடும் என்பதால், மன்றம் கூடி ஒப்புக்கொண்டால்தான் பெட்டியைத் திறக்கலாம். மன்றம் கூடியது. தலைவர் திரேசம்மாள் விவாதத்தை வளர்க்கவில்லை.

"பிள்ளை உசிரு. குடுத்துருங்க டாக்டர்."

இரண்டு நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இன்னும் கூடியது.

நப்பின்னை காயத்தைத் துடைத்த பஞ்சை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். காயத்திலிருந்த கிருமியின் மரபணுக்களைப் படித்தார். இறுதிக்காப்பை உடைத்துப்போடும் மரபணு, ஒரு தாவுவளையத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. தாவுவளையம் என்பது கிருமிக்குள் மிதக்கும் சின்னஞ்சிறு மரபணு வளையம். மனிதர்கள் தங்கள் மரபைப் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்க முடியும். கிருமியோ பக்கத்தில் வந்து ஒட்டுகிற அந்நியனுக்கும், வேறு இனத்துக்கும்கூட, வளையத்தின் ஒரு நகலைக் கொடுத்துவிடும். சாதுவான கிருமியிடமிருந்து கொடிய கிருமி வாங்கிக்கொள்ளும். நாமானி கொடியவற்றை மட்டும் தேடியது. வளையத்தைச் சுமந்த சாதுக்கள் பச்சை விளக்கைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தன.

ஆனால் பெட்டிக்குள் கிடந்த மருந்தை எதிர்க்கக் கிருமிகள் எங்கே பழகின?

சேந்தனின் எச்சிலில் அதே வளையம் இருந்தது. தன் எச்சிலையும் சோதித்தார். அதிலும் இருந்தது. அல்லிக்கு முள் குத்திய இடமும், எல்லோரும் தின்னும் மீன் வரும் இடமும் ஒன்றுதான்; சேந்தனை அழைத்துக்கொண்டு மீன்தொட்டிகளுக்குப் போனார்.

"இந்தத் தண்ணியில என்னெல்லாம் போடுறீங்க, சேந்தன்?"

"தீவனந்தான் டாக்டரம்மா. கூடவே கொழுமித்தூள்."

"அது எதுக்கு?"

"மீனு சீக்கிரம் கொழுக்கும். சீக்கு வராது. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாலேருந்தே போடுறதுதான். ஒரு நாளைக்கு மூணு மூட்டை."

மூட்டையின் அடியில் வேதிப்பெயர் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. நப்பின்னை இரண்டு முறை படித்தார். குழந்தைக்காக மில்லிகிராம் கணக்கில் அளந்து ஊசியில் ஏற்றிய அதே இறுதிக்காப்பு.

அவர் சொன்னதும் சேந்தன் அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தினமும் நான்தாம்மா கொட்டினேன். இந்தக் கையாலதான் கொட்டினேன்."

அன்று பிற்பகல் அல்லியின் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். மருந்தே இல்லாத காலத்து வைத்தியம். அவள் பிழைத்தாள்.

மறுநாள் குடியிருப்பு முழுவதும் கூடியது. நாலாயிரம் பேரின் வயிற்றிலும் அந்த வளையம் இருக்கிறது, இனி சிறு காயமும் ஆளைக் கொல்லலாம் என்று நப்பின்னை சொன்னார். தூளை இன்றே நிறுத்தினால், பல ஆண்டுகளில் வளையம் குறையக்கூடும் என்றார்.

"நிறுத்துனா மீன் எவ்வளவு குறையும்?" என்று கேட்டார் திரேசம்மாள்.

"எட்டுல ஒரு பங்கு," என்றான் சேந்தன்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆளுக்கு எத்தனை துண்டு குறையும் என்று ஒருவர் கேட்டார். மாற்றுத் தூள் கண்டுபிடிக்கும்வரை இது தொடரட்டுமே என்றார் இன்னொருவர். வாக்கெடுப்பில் கொழுமித்தூள் வென்றது. சேந்தன் வேலையை விட்டான். அடுத்த காலையில் வேறொருவன் மூட்டையைப் பிரித்தான்.

மூன்றாம் நாள் மதிய உணவின்போது, குழாய்ப் பழுது பார்க்கும் தாவீது தட்டோடு வந்து நப்பின்னையின் எதிரே உட்கார்ந்தான்.

"டாக்டரம்மா, வேலையில சின்னக் கீறல். ஒண்ணுமில்ல. எதுக்கும் ஒரு மாத்திரை குடுங்களேன்."

"எந்த மாத்திரையும் கேக்காதுன்னு அன்னைக்குச் சொன்னேனே, தாவீது. நீங்களும் இருந்தீங்களே."

"அது பொதுவாச் சொன்னது. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்மா."

சொல்லிக்கொண்டே வறுத்த மீனின் நடுத்துண்டை எடுத்துக் கடித்தான். நப்பின்னை அவன் விரலைப் பார்த்தார். நகத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது.