இடது பின்பக்கம் உட்காரவில்லை

2004, விஜயதசமி. சனிக்கிழமை காலை ஒன்பதே கால்.

சின்னாளப்பட்டிக்கு முந்தின வளைவில், புளியமரத்தில் மோதிக் கவிழ்ந்த வண்டிக்குப் பக்கத்தில் பொன்னழகு செத்துக் கிடந்தார். அகரத்துத் தேங்காய் வியாபாரி. வண்டி பழைய வெளிநாட்டு ஜீப். கம்பிச் சுருளுக்குப் பதிலா நாலு சக்கரத்துக்கு மேலேயும் நாலு ரப்பர் பை, பைக்குள்ளே காத்து. அந்தக் காத்து மேலதான் மொத்த வண்டியும் நிக்கும்.

சப்-இன்ஸ்பெக்டர் பொம்மையன் வளைவை நடந்தே பார்த்தார். ஓய்வுக்கு ஆறு மாசம் இருந்தது. கான்ஸ்டபிளாச் சேர்ந்து மேலே வந்தவர், படிப்பு எட்டாவதோட நின்னுபோச்சு. செத்தவன் வாயைத் தவிர வேற எவன் வாயையும் அவர் நம்புனதில்லை.

"பின்னாலதான் சார் வந்தேன்," என்றார் பூ ஏத்திவந்த வேன்காரர் அழகர். "வரவர வண்டி ஒரு பக்கமா எந்திரிச்சுச்சு. வளைவுல பிரேக் பிடிச்சாரு. நொண்டி நாக்காலி மாதிரி ஆடிச்சு, சாஞ்சிருச்சு."

மத்தியானமே ஆள் கிடைத்துவிட்டான். பேகம்பூர் மெக்கானிக் சாகுல் ஹமீது. வியாழக்கிழமை அதே வண்டியின் இடது பின்பக்கக் காத்துப் பையை மாற்றியவன். பை வெடித்துத்தான் வண்டி கவிழ்ந்தது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. செத்தவரின் தம்பி அன்புமணியும் அப்படித்தான் புகார் எழுதிக் கொடுத்தான். டி.எஸ்.பி. போனில் சொன்னார்: "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்திருங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் திங்கக்கிழமை வந்து பார்க்கட்டும்."

திங்கக்கிழமை வருவதற்குள் சாகுல் ஜெயிலில் இருப்பான். அப்புறம் எவன் அவன் கடைக்கு வண்டி விடுவான்?

"ஏலே, பழைய பையைத்தானே மாட்டுன?" ஸ்டேஷனில் சாகுலிடம் கேட்டார் பொம்மையன்.

"அல்லா மேல ஆணை சார், புதுசு. சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்துத்தான் விட்டேன்."

"எல்லாப் பயலும் இதைத்தான் சொல்றான்."

"அப்ப வண்டியப் பாருங்க சார். அது பொய் சொல்லாது."

ஞாயிறு காலை ஏழு மணி. ஸ்டேஷன் வாசல்.

கிரேனில் தூக்கி வந்து, முந்தின நாளே நிமிர்த்தி நிறுத்தியிருந்த வண்டி. முன் வலது பக்கம் மரத்தில் நசுங்கி, அங்கே பை கிழிந்து தொங்கியது. பொம்மையன் பல்குச்சியைக் கடித்தபடி ஒரு சுற்று வந்தார். இடது பின்பக்கத்தில் நின்றார். பல்குச்சியைத் துப்பினார்.

மூணு மூலையும் தரையைப் பார்த்துப் படுத்திருக்க, இந்த ஒரு மூலை மட்டும் சண்டைச் சேவல் கணக்கா விறைத்து நின்றது. ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது.

"வெடிச்ச பைன்னா இந்நேரம் உட்கார்ந்திருக்கணுமே," என்றார் தனக்குத்தானே. ஏட்டைக் கூப்பிட்டார். "அந்த மெக்கானிக்கக் கூட்டியா. ஒரு வாளியில சோப்புத் தண்ணி."

சாகுல் விலங்கோடு நின்று சொல்லச் சொல்ல, சோப்புத் தண்ணியைத் தன் கையாலேயே ஊற்றினார் பொம்மையன். அவனைத் தொடவிடவில்லை. ஓட்டை இருந்தால் நுரை கிளம்பணும். பையில் இல்லை. குழாய் முட்டில் இல்லை. ஒரு குமிழிகூட இல்லை.

"காத்து போகல. கூடிப்போயிருக்கு," என்றார்.

சாகுல் குனிந்து பார்த்தான். முகம் மாறியது. "சார், சக்கரத்துக்கு உள்பக்கம் கையளவுல ஒரு தண்டு இருக்கும், பாருங்க. நாங்க அதைக் கைன்னுதான் சொல்லுவோம். வண்டி தாந்தா கை மேல போகும், உடனே கம்ப்ரெசர் காத்து அடிக்கும். வண்டி ஒசந்தா கை கீழ வரும், காத்தை விட்டுரும். நாலு சக்கரத்துக்கும் ஒண்ணொண்ணு. வண்டி கவுந்து சக்கரம் தொங்குனப்ப மத்ததெல்லாம் அப்படித்தான் காத்தை விட்டிருக்கும்."

பொம்மையன் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். கை இருந்தது. ஆனால் சக்கரத்தோடு சேரவேண்டிய இணைப்பு கழன்று கிடந்தது. கையை மேல்பக்கமாத் தூக்கிக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"மேல கட்டினா என்னாகும்?"

"வண்டி தாந்திருக்குன்னு அது நம்பிரும் சார். எஞ்சின் ஓட ஓட அடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த மூலை பாறையா இறுகிரும். மூலைக்கு மூலை ரெண்டு சக்கரம் பாரத்தைத் தாங்கும், மத்த ரெண்டும் சும்மா தொட்டுக்கிட்டு வரும். வளைவுல பிரேக் போட்டா..."

"வீட்டுல எடுக்கையிலேயே தெரிஞ்சிருக்காதா?"

"தெரியாது சார். எஞ்சின் ஓடுனாத்தான் கம்ப்ரெசர். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும்."

வேன்காரர் சொன்னதும் அதுதானே. வரவர எந்திரிச்சுச்சு.

வெளியே வருமுன் இணைப்பின் நட்டை டார்ச்சில் பார்த்தார். நட்டின் இடுக்கில் மஞ்சளாய் ஒரு பூச்சு. அதற்குள் மிளகு அளவில் சிவப்பு. பெயின்டா என்று நகத்தால் சுரண்டி மோந்தார்.

சந்தனம். குங்குமம்.

எட்டரை மணிக்குப் பொன்னழகின் டிரைவர் பிராங்க்ளின் வந்தான். மேட்டுப்பட்டிக்காரன்.

"நேத்து ஏன் லீவு?"

"மாமியா முப்பதாம் நாள் பூசை சார். வெள்ளிக்கிழமை வண்டிக்குத் தேங்கா உடைச்சதும் பஸ் ஏறிட்டேன். வியாகுலம்மாள்னு பேரு, மாதா கோயில்ல கேட்டுப் பாருங்க."

"கேப்பேன். வண்டியக் கழுவுனது யாரு?"

"நான்தான். வெள்ளிக்கிழமை காலையில, சர்வீஸ் ஸ்டேஷன்ல அடியில எல்லாம் தண்ணி பீச்சி அடிச்சது. சாயங்காலம்தான் ஆயுத பூசை."

"டேஷ்போர்டுல எச்சரிக்கை லைட்டு எரியாதா?"

"அது ரெண்டு வருஷமா எரியுது சார். மொதலாளி மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டாரு."

"அந்தக் கையைத் தூக்கினா வண்டி என்ன செய்யும், சொல்லு."

"ஏறும் சார். பாய் வேலை பார்க்கையில எத்தனை வாட்டி பிடிச்சிருக்கேன்."

பொம்மையன் அவனையும் நம்பவில்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் உதைக்காமல் நின்றது. சாகுல் தொட்டது வியாழன். அடிப்பக்கம் கழுவியது வெள்ளி காலை. சந்தனம் குழைத்தது வெள்ளி சாயங்காலம். அப்படியென்றால் அந்த நட்டைத் தொட்டவன் பூசைக்குப் பிறகு, சந்தனம் பட்ட சாமானால் தொட்டிருக்கிறான்.

மணி பதினொன்று. அகரம்.

எரித்துவிட்டு வந்த வீடு. வாசலில் சாமியானா, நாலைந்து ஆண்கள். அன்புமணி இரவல் அரிவாளால் இளநி சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். போலீஸ் என்றதும் அவருக்கும் ஒன்று சீவினான். நீட்டின கையில், வலது கட்டைவிரலின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு சாய்வாய் ஓடியது.

"என்ன அப்பு, வெரல்ல?"

"சின்ன வயசுல உரிகம்பியில மட்டை உரிக்கையில கிழிச்சது சார். அந்த பாய ரிமாண்டு பண்ணியாச்சா?"

"பண்ணிருவோம். உங்கண்ணன் நேத்து எங்க கிளம்புனாரு?"

"சின்னாளப்பட்டிக்கு. பெரிய தோப்பை விலை பேசி முடிக்க."

"ஒனக்குச் சம்மதமா?"

அரிவாள் ஒரு நொடி நின்றது. "எங்கப்பா வச்ச தோப்பு சார். யாருக்குச் சம்மதம் வரும்?"

"பூசை சாமானெல்லாம் எங்க?"

"உள்ள... அப்படியே கெடக்கு. யாரு எடுக்கறது?"

அதுதான் பொம்மையனுக்கு வேண்டியிருந்தது. ஆயுத பூசையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூசை போடாமல் யாரும் தொடமாட்டார்கள். மறுபூசைக்கு முன்னாடியே எழவு விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வைத்தது அத்தனையும் வைத்தபடி இருந்தது. காய்ந்த மாலை, பொரி, அரிவாள், கடப்பாரை, உரிகம்பி, வண்டியின் ஸ்பேனர் செட்டு. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

பொன்னழகின் மனைவி ஆனந்தியைக் கூட்டி வந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பொட்டெல்லாம் நீங்கதான் வச்சீங்களாம்மா?"

"ஆமா. நான் கடைசியா வச்சதும் அதுதான்."

பொம்மையன் துண்டால் வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டார். "எந்த வெரல்ல வைப்பீங்க?"

"மோதிர வெரல்லதான். ஏன் கேக்குறீங்க?"

"எல்லாமே உங்க கைதானான்னு ஒருக்கப் பாருங்க. தொடாதீங்க."

அவள் அரிவாளைப் பார்த்தாள். கடப்பாரையைப் பார்த்தாள். ஸ்பேனர் வரிசைக்கு வந்ததும் நெற்றி சுருங்கியது. எல்லாவற்றிலும் மிளகளவுக்குப் பொட்டு. பத்தாம் நம்பர் ஸ்பேனரில் மட்டும் காலணா அகலத்துக்கு அப்பியிருந்தது.

"இது என் கை இல்ல," என்றாள். "யாரோ கட்டைவெரல்ல..."

பொம்மையன் ஸ்பேனரை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினார். குங்குமத்தைச் சுற்றிக் காய்ந்துபோன சந்தனத்தில் ரேகை அச்சடித்த மாதிரி இருந்தது. ரேகையின் குறுக்கே சாய்வாய் ஒரு கோடு.

"அன்புமணி, இங்க வா. கட்டைவெரலக் காட்டு."

அவன் வந்தான். ஆனால் கையை மடக்கிக்கொண்டான். ஆனந்தி பொட்டைப் பார்த்தாள். மடங்கின கையைப் பார்த்தாள். "கொழுந்தனாரே," என்றாள்.

"நான் சொல்றேன், தப்புன்னா மறி," என்றார் பொம்மையன். "பூசை முடிஞ்சு எல்லாரும் சாப்பிடப் போனாங்க. நீ குவியல்ல இருந்து ஸ்பேனரை உருவி, ஷெட்டுக்குப் போய்க் கையைக் கழட்டிக் கட்டுன. அண்ணி வச்ச பொட்டு அந்த நட்டுல ஒட்டிக்கிச்சு. பூசைச் சாமானைத் தொட்டது தெரிஞ்சிரும்னு பயந்து, கிண்ணத்துல மிச்சமிருந்த சந்தனத்தைத் தொட்டு நீயே பொட்டு வச்ச. ஆம்பளப் புத்தி, கட்டைவெரல்தான் போச்சு. மெக்கானிக்கோ டிரைவரோ கட்டியிருந்தா வண்டி என்ன செய்யும்னு தெரிஞ்சு கட்டியிருப்பான். அவங்களுக்கு இங்க வந்து பொட்டு வைக்க வேலையும் இல்ல. ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. கொல்லணும்னா கட்டுன?"

அன்புமணி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இல்ல சார், சத்தியமா இல்ல! வண்டி படுத்திருச்சுன்னா அண்ணன் போக மாட்டாரு. வேற வண்டியில போய் விலை பேசுறது அவருக்குக் கவுரவக் குறைச்சல். தசமி தப்பிட்டா ஒரு மாசத்துக்கு நாள் பார்க்க மாட்டாரு. அதுக்குள்ள பெரியவங்கள வச்சுப் பேசி நிறுத்திருவேன்னு... பாய் ஒருவாட்டி அந்தக் கையைப் பிடிச்சு அசைக்கையில வண்டி உட்கார்ந்ததப் பார்த்தேன். மேல தூக்குனா உட்காரும்னு நெனச்சேன் சார். ஏறும்னு தெரியாது."

"தெரியாமச் செஞ்சது சரி. பழிய ஏன் பாய் மேல எழுதிக் கொடுத்த?"

அன்புமணி மடக்கியிருந்த கட்டைவிரலை மெல்ல நீட்டினான்.

ஒன்றரை மணிக்கு சாகுலின் விலங்கை ஏட்டு கழற்றினார். பொம்மையன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "போ, வீட்டுல தேடுவாங்க," என்றார்.

சாகுல் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு வண்டியையே பார்த்தான். "பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்ததும் சொல்லி அனுப்புங்க சார். காத்தை விட்டுத் தாரேன். இப்படியே நிக்க வேணாம்."

திங்கக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் எல்லாம் எழுதி முடித்தபிறகு சாகுல் வந்து, குழாய் முட்டைத் தளர்த்தினான். புஸ்ஸென்று காத்து இறங்கியது. இடது பின்பக்கம் மெதுவாய்த் தாழ்ந்து, மற்ற மூலைகளோடு சேர்ந்து தரையில் படுத்தது.

கோர்ட்டுக்குக் கிளம்ப போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருந்த அன்புமணி, அது படுத்து முடிக்கும்வரை தலையைத் திருப்பவில்லை.

"வண்டிய எடுய்யா," என்றார் பொம்மையன்.