உறைக்கும் வரை

விடிந்ததும் பூமிநாதன் மிளகாய்த் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்தான். பொழுது ஏறிய பிறகு முதுகுளத்தூர் வெயிலில் எந்தச் செடியும் தங்காது. மனிதர்கள் தங்கினார்கள், வெம்மைமறப்பு ஊசியின் தயவில். அதைப் போட்டுக்கொண்டால் கதிர்ப்பண்ணையின் சோலார் பலகைகளை உச்சிவெயிலிலும் துடைக்கலாம். சுடுவதே தெரியாது.

அவன் மனைவி வள்ளிமயில் மூன்று வருடம் துடைத்தாள். வேலையை விட்டால் தானாகச் சூடு தெரியும் என்றார்கள். மற்றவர்களுக்குத் தெரிந்தது, அவளுக்கு இல்லை. அதற்குள் பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்குகிறவளிடம் வெந்நீரையும் பச்சைக் குழந்தையையும் எப்படிக் கொடுப்பது? பூமிநாதன்தான் குளிப்பாட்டினான். அவள் துண்டோடு கதவோரம் நிற்பாள்.

நரம்பில் சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே வாசல்தான், மிளகாய் உறைத்தால் வெந்நீரும் சுடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடை மிளகாய் எதுவும் அவளை அசைக்கவில்லை. உலகிலேயே காரமான ரகம் என்று ஒரு வியாபாரி சத்தியம் செய்து கொடுத்த விதையை ஈரத்துணியில் முளைகட்டி, தென்னைநார்த் தூளில் ஊன்றி, பூவுக்குப் பூ தூரிகையால் மகரந்தம் தொட்டு வளர்த்தான். ஒரே காய் நின்றது. தோல் சுருங்கி, வால் நீண்டு, பார்க்கவே பயமாகப் பழுத்தது.

கையுறை மாட்டி, நகத்தளவு நறுக்கிக் கொடுத்தான். வள்ளிமயில் மென்றாள்.

"ஐயோ! உறைக்குதுங்க!" வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் கொட்டியது.

"நெசமாவா மயிலு?"

"நாக்கு பொசுங்குது. இன்னைக்கு நான்தான் பாப்பாவக் குளிப்பாட்டுவேன்."

குழந்தையை அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். பூமிநாதனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் பட்ட எரிச்சலைத் தானும் கொஞ்சம் பட வேண்டும்போல் இருந்தது. மிச்சத் துண்டில் ஒன்றை நாக்கில் வைத்தான்.

தித்தித்தது. பயந்துகொண்டே முழுதும் மென்றான். துளிக் காரமில்லை. வியாபாரி ஏமாற்றிவிட்டான். வள்ளிமயிலும் ஏமாற்றிவிட்டாள். அவளுடைய கண்ணீர் மட்டும் பொய்யில்லை.

ஓடினான். காலை நீட்டி, குழந்தையைக் காலில் கிடத்தியிருந்தாள். வாளியில் ஆவி பறந்தது. தூக்கிய செம்பு அவள் கையில் அப்படியே நின்றது.

"என்னங்க," என்றாள், திரும்பாமல். "சூடு பதமா இருக்கா, பாருங்களேன்."

முழங்கையை நனைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவள் பார்த்துவிட்டாள். செம்பை அவனிடம் நீட்டினாள்.

அவன் பச்சைத் தண்ணீர் கலந்தான். மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாக ஊற்றினான். குழந்தை காலை உதைத்துச் சிரித்தது. வள்ளிமயில் அதன் நனைந்த முதுகைத் தேய்த்தாள்.

"பிள்ள ஒடம்பு வெதுவெதுன்னு இருக்குமாமே," என்றாள். "இருக்குதாங்க?"

அவன் செம்பை வைத்துவிட்டு, அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் குழந்தையின் முதுகில் வைத்தான்.